ரீஸ்டார்ட்டுக்கு நாள் குறிப்பது யார்?

அப்டேட் முடிந்ததும் தானாக அணைந்து எழும் கணினிகள். கால் நூற்றாண்டாக நடக்கும் ஓர் இழுபறி. அதை நம் நேரத்துக்கு வளைக்கும் வழிகள்.

2003 ஆகஸ்ட் 11. உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. இன்னும் 60 நொடியில் கணினி அணையப்போகிறது, திறந்திருப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றது. 59, 58, 57 என்று எண் இறங்கியது. கணினி அணைந்தது, தானே எழுந்தது. இணையத்தோடு சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பெட்டி, அதே 60 நொடி.

அது பிளாஸ்டர் என்ற புழுவின் வேலை. விண்டோஸின் உள்பகுதிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ஆர்பிசி என்ற சேவையில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. நுழைந்த வேகத்தில் அந்தச் சேவை செத்துவிழும். அது செத்தால் கணினியை மறுபடி தொடங்கு என்பது விண்டோஸுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த விதி. அதனால்தான் அந்த 60 நொடி. கமாண்ட் பெட்டியைத் திறந்து 'ஷட்டவுன்' என்று எழுதி, ஒரு சிறுகோடும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்துத் தட்டினால் எண் இறங்குவது நின்றுவிடும் என்ற தகவல் சில நாட்களில் ஊரெல்லாம் பரவியது. தானாக நடக்கும் ரீஸ்டார்ட்டை எப்படித் தடுப்பது என்று சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாகத் தேடியது அநேகமாக அப்போதுதான்.

இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. புழு வருவதற்கு 26 நாள் முன்பே மருந்து தயார், போட்டுக்கொண்டவர்கள்தான் குறைவு. புழுவை எழுதியவருக்கும் இது தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 16 முதல் விண்டோஸ் அப்டேட் தளத்தின் மீதே எல்லாக் கணினிகளும் படையெடுக்கும்படி அதை அமைத்திருந்தார். புழு குறிவைத்த இணைய முகவரியையே மைக்ரோசாஃப்ட் செயலிழக்கச் செய்து தப்பித்தது.

இன்று அப்டேட் முடிந்ததும் கணினி தானாக அணைந்து எழுவதன் வேர் அந்த வருடத்தில் இருக்கிறது.

பழசு போகாமல் புதுசு வராது

1998இல் விண்டோஸ் அப்டேட் அறிமுகமானபோது அது ஒரு வலைத்தளம். விருப்பமுள்ளவர் போய்ப் பார்த்து, வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். 2003 அக்டோபரில் ஓர் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தமாக வெளியாகும். அமெரிக்க மேற்குக் கடற்கரையில் அப்போது காலை 10 மணி. இந்தியாவில் பருவத்துக்கேற்ப இரவு 10.30 அல்லது 11.30. அதனால் நம் அலுவலகங்களுக்கு அந்தச் செவ்வாய் புதன்கிழமை காலையில்தான் வந்து சேர்கிறது. அடுத்த ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, தானியங்கி அப்டேட்டை எல்லோரும் இயக்கிவைக்கும்படி வற்புறுத்தியது.

ஃபைலை இறக்கியாயிற்று, நிறுவியும் ஆயிற்று. பிறகு எதற்கு அணைந்து எழ வேண்டும்?

விண்டோஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைலை நீக்கிவிட்டு வேறொன்றை அங்கே வைக்க முடியாது. பயன்பாட்டில் உள்ள ஃபைலை விண்டோஸ் பூட்டிவைக்கும். திருத்த வேண்டியதோ பெரும்பாலும் கணினி எழுந்த நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் உள்பகுதிகள். எனவே புதிய ஃபைல் பக்கத்தில் தயாராக வைக்கப்படும். அடுத்த முறை எழும்போது இதை அதன் இடத்தில் மாற்றிவிடு என்று ஒரு பட்டியலில் குறிப்பு எழுதப்படும். மறுபடி எழும்போது, வேறு எதுவும் விழிப்பதற்கு முன், அந்தப் பட்டியல்படி இடமாற்றம் நடக்கும்.

லினக்ஸில் இந்தப் பூட்டு கிடையாது. ஃபைலை மாற்றிவிடலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய பிரதியைப் பிடித்துக்கொண்டே ஓடும். நிரலை மூடித் திறந்தால்தான் புதியது நினைவகத்துக்கு வரும். மாற்றியது இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்றால் அங்கேயும் ரீஸ்டார்ட்தான்.

அப்டேட் இறங்கிவிட்டது, ரீஸ்டார்ட் மட்டும்தான் பாக்கி என்று மாதக்கணக்கில் வைத்திருக்கும் கணினியில் நினைவகத்தில் ஓடுவது பழைய, ஓட்டையுள்ள பிரதிதான். வட்டில் பேட்ச் இருக்கும், காவல் இருக்காது. ரீஸ்டார்ட்டை அடியோடு நிறுத்துகிறவர் தெரியாமலே அப்டேட்டையும் நிறுத்திவிடுகிறார்.

கேட்டவர்கள் கட்டளையிட்டபோது

எக்ஸ்பி காலத்துப் பெட்டி நச்சரிக்கும் ரகம். இப்போதா, அப்புறமா என்று கேட்கும். அப்புறம் என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி வந்து நிற்கும். விஸ்டாவும் விண்டோஸ் 7உம் பத்து நிமிடம், ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று தவணை கொடுத்தன. விண்டோஸ் 8 இன்னும் நாகரிகமாக, உள்நுழையும் திரையில் மூன்று நாள் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, கடைசியில் 15 நிமிட அவகாசம் தந்தது.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. ஹோம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் வேண்டாம் என்று சொல்லும் பொத்தானே இல்லை. தொடக்கத்தில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட அந்த விண்டோஸ், பழைய கணினிகளில் தன்னைத் தானே நிறுவிக்கொள்ளவும் துடித்தது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை அறிக்கை நேரலையில் போய்க்கொண்டிருந்தது. மழை வரைபடத்தின் மேல் திடீரென்று விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் பெட்டி வந்து உட்கார்ந்தது. அறிவிப்பாளர் சமாளித்துச் சிரித்தார். பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டு நிறுவனம் நடத்திய ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்காமலே விண்டோஸ் 10 நிறுவத் தொடங்கி, பாதியில் தோற்று, தொழிலுக்கு நம்பியிருந்த கணினி நாள்கணக்கில் முடங்கியது. சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போனார். 10,000 டாலர் கொடுக்கத் தீர்ப்பு வந்தது. மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது. அதே காலத்தில் மூலையில் உள்ள சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி அந்தப் பெட்டியை மூடினாலும், சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த விஷயத்தில் எல்லை தாண்டிவிட்டோம் என்று நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துறைத் தலைமை அதிகாரி கிறிஸ் கப்பொசெலா அந்த ஆண்டு டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்.

2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட், போட்டோ ஃபோல்டர்களை அழித்தது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்றது மைக்ரோசாஃப்ட். ஆனாலும் சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில்தான் மறுபடி தொடங்கியது. அப்டேட் என்றாலே கையை எடுக்கும் பழக்கம் பலருக்கு வந்தது இப்படிப்பட்ட சம்பவங்களால்தான். பிரசன்டேஷன் நடுவில் நின்றுபோனது, இரவு முழுக்க ஓடவிட்ட வீடியோ ரெண்டரிங் காலையில் காணாமல் போனது போன்ற புலம்பல்கள் தனிக் கணக்கு.

பூட்டும் கள்ளச்சாவியும்

கட்டாயம் வந்தால் குறுக்குவழியும் வரும். கணினியைத் திரும்பத் தொடங்கும் வேலையை விண்டோஸ் தன் டாஸ்க் ஷெட்யூலரில் 'ரீபூட்' என்ற பெயரில் எழுதிவைக்கிறது என்று விவரமறிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை முடக்கினார்கள். விண்டோஸ் திரும்ப எழுதிவைத்தது. அந்த ஃபைலை நீக்கிவிட்டு அதே பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கினார்கள். அதே இடத்தில் அதே பெயரில் இனி ஃபைல் எழுத முடியாது அல்லவா? விண்டோஸ் விழித்தது. 'பயனர் வேலையில் இருக்கிறார்' என்ற நேரத்தை மணிக்கொருமுறை முன்னே தள்ளிக்கொண்டே போகும் குட்டி நிரல்களையும் சிலர் எழுதினார்கள். அதனால் ரீஸ்டார்ட்டுக்கான நேரம் வரவே வராது.

இன்னும் சிலர் அப்டேட் சேவையையே நிறுத்திப் போட்டார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வைத்தியரை அனுப்பியது. அப்டேட் பகுதிகள் முடங்கிக் கிடந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யும் 'விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ்' என்ற காவலாள் சேவை.

இந்தப் போட்டிக்கு நடுவே நிறுவனம் படிப்படியாக இறங்கியும் வந்தது. 2016 ஆகஸ்டில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' வந்தது. அந்த நேரத்துக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. முன்னிருப்பு காலை 8 முதல் மாலை 5 வரை. யாரோ ஓர் அமெரிக்க அலுவலக ஊழியரின் நாள் அது. சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க நேரத்துக்கு இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் மும்முரமாக இருக்கும் நேரம் அதற்கு முழுக்க வெளியே விழுகிறது. அடுத்த ஆண்டு அந்த வரம்பு 18 மணி நேரம்வரை நீட்டப்பட்டது. 2018இல் இயந்திரக் கற்றலையே இறக்கினார்கள். பயனர் வீட்டுக்குப் போய்விட்டாரா, காபி எடுக்க எழுந்து போயிருக்கிறாரா என்று கணித்து, அதற்கேற்ப ரீஸ்டார்ட்டுக்கு நேரம் பார்க்கும் மாதிரி அது. 2019 மே மாதம் ஹோம் பதிப்புக்காரர்களுக்கும் அப்டேட்டை 35 நாள்வரை நிறுத்திவைக்கும் உரிமை கிடைத்தது.

தள்ளிப்போட்டதன் விலை

2003 ஜனவரி 25 அன்று வெடித்த ஸ்லாமர் புழு, பத்தே நிமிடத்தில் தன் வலையில் விழக்கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 சர்வர்கள். அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது. பேட்ச்சைத் தயாரித்த மைக்ரோசாஃப்ட்டின் சொந்த சர்வர்கள் சிலவற்றிலேயே அது போடப்பட்டிருக்கவில்லை.

பதினான்கு ஆண்டு கழித்து அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. 2017 மார்ச் 14 அன்று வந்த ஒரு பேட்ச்சைப் போடாத கணினிகளைத் தேடி மே 12 அன்று வானாக்ரை கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் ரகம். ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் இங்கிலாந்தின் 236 மருத்துவமனை அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் முதல் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் வரை அது எட்டிப்பார்த்தது. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. பேட்ச் கிடைத்தும் 59 நாளாகப் போடாமல் விட்டவை.

ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டதே விபத்தான கதையும் உண்டு. 2004 செப்டம்பர் 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், வானில் இருந்த விமானிகளோடு பேசும் இணைப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் அறுந்தது. அந்தப் பேச்சு முறையை இயக்கிய கணினியில் மில்லிநொடிகளை எண்ணும் ஓர் எண்ணி இருந்தது. 49.7 நாளில் அது நிரம்பிவிடும். 30 நாளுக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. அந்த முறை யாரும் செய்யவில்லை.

உங்கள் கணினியில் என்ன செய்யலாம்?

ஹோம் பதிப்பு: செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. அங்கே ஆக்டிவ் ஹவர்ஸை 'மேனுவல்' என்று மாற்றி, நீங்கள் உண்மையில் வேலை செய்யும் நேரத்தைக் கொடுங்கள். உச்சவரம்பு 18 மணி நேரம். இரவு ஷிஃப்ட் என்றால் மாலை முதல் மறுநாள் காலை வரை என்றும் கொடுக்கலாம். 'கெட் மீ அப் டு டேட்' என்ற பொத்தான் இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அது ஆக்டிவ் ஹவர்ஸுக்குள்ளும் ரீஸ்டார்ட் செய்யும். ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் அறிவிக்கச் சொல்லும் பொத்தானை இயக்குங்கள்.

தேர்வு, கணக்கு முடிக்கும் வாரம், நீண்ட ரெண்டரிங் என்று முன்கூட்டியே தெரிந்தால் அப்டேட்டை ஒன்று முதல் ஐந்து வாரம்வரை நிறுத்திவைக்கலாம். ஏற்கெனவே இறங்கி ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிறது என்றால் 'ஷெட்யூல்' வழியாக நாளும் மணியும் குறித்துவிடலாம்.

புரோ பதிப்பு: ஸ்டார்ட் மெனுவில் 'குரூப் பாலிசி' என்று தேடினால் எடிட்டர் கிடைக்கும். ஹோம் பதிப்பில் இது இருக்காது. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்கிப் போனால் 'நோ ஆட்டோ ரீஸ்டார்ட் வித் லாகுட் ஆன் யூசர்ஸ்' என்று தொடங்கும் விதி இருக்கும். விண்டோஸ் 11இல் அது 'லெகசி பாலிசிஸ்' என்ற பிரிவுக்குள் போயிருக்கிறது. அதை இயக்கினால், யாராவது உள்நுழைந்திருக்கும்வரை கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஒரு நிபந்தனை: 'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்ற விதியில் குறித்த நேரத்தில் நிறுவும் நான்காம் தேர்வை வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். பலர் முதல் விதியை மட்டும் மாற்றிவிட்டு, பலிக்கவில்லை என்று அலுத்துக்கொள்வது இதனால்தான்.

பிரவுசிங் சென்டர், பள்ளி லேப்: ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருந்தால், அது உறைநிலையில் இருக்கும்போது நிறுவிய அப்டேட்டும் அடுத்த ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். உறைநிலையை விலக்கி, அப்டேட் செய்து, ரீஸ்டார்ட்டும் முடித்த பிறகே மறுபடி உறைய வைக்க வேண்டும்.

எல்லோருக்கும்: வேர்டு போன்ற நிரல்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்து வைக்கும், அந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். மாலையில் வேலை முடிந்ததும் 'அப்டேட் அண்ட் ஷட்டவுன்' அழுத்திவிட்டுப் போவது எளிய வழி. ஆனால் அதை அழுத்திய பிறகும் சில கணினிகள் அணையாமல் எழுந்து நின்றன. நீண்ட காலப் புகாரான இதைச் சரிசெய்யும் திருத்தம் 2025 அக்டோபர் இறுதியில்தான் வெளியாகத் தொடங்கியது.

அணையாமல் ஒட்டுப்போடும் கலை

ரீஸ்டார்ட்டே இல்லாமல் திருத்த முடியாதா என்ற கேள்வியும் பழையது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் பழைய செயல்கூறின் வாசலிலேயே ஒரு தாவலை எழுதி, கட்டுப்பாட்டைப் புதிய செயல்கூறுக்குத் திருப்பிவிடுவது இதன் உத்தி. எம்ஐடி மாணவர்கள் உருவாக்கிய கேஸ்பிளைஸ் லினக்ஸுக்கு இதைச் செய்து காட்டியது. 2011இல் ஆரக்கிள் அதை வாங்கிக்கொண்டது. ரெட் ஹேட்டும் சூசேவும் தனித்தனியாக முயன்றன. 2015இல் வந்த லினக்ஸ் 4.0இல் இந்த வசதிக்கான அடித்தளம் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது.

விண்டோஸில் இதற்குப் பெயர் ஹாட்பேட்ச். முதலில் சர்வர்களுக்கு வந்து, 2025 ஏப்ரலில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸுக்கும் வந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட் தேவைப்படும் முழு அப்டேட். நடுவில் வரும் எட்டு மாதங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் நேராக நினைவகத்துக்கே போகும். வருடத்துக்குப் பன்னிரண்டாக இருந்த ரீஸ்டார்ட் நான்காகக் குறைகிறது. வீட்டில் இருக்கும் ஹோம் பதிப்புக்கு இது இன்னும் எட்டவில்லை. சர்வர் 2025க்கு நிறுவனங்கள் தனிச் சந்தா கட்டுகின்றன. ஒரு பிராசஸர் கோருக்கு மாதம் ஒன்றரை டாலர்.

ரீஸ்டார்ட் கேட்காத அப்டேட் எல்லாமே சாது என்றும் நினைக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன ஃபைல் யாரிடமும் அனுமதியோ ரீஸ்டார்ட்டோ கேட்கவில்லை. இந்திய நேரம் காலை 9.39க்கு வெளியான அது, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் தள்ளியது. ஒன்றேகால் மணி நேரத்தில் ஃபைலைத் திருத்திவிட்டாலும், விழுந்த கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் போய் எழுப்ப வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய அலுவலகங்கள் அப்டேட்டை முதலில் சில கணினிகளுக்கு மட்டும் கொடுத்து, சில நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடுவது இதற்காகத்தான். விண்டோஸ் அப்டேட்டில் அப்படித் தவணை வைக்க வசதி உண்டு. கிரவுட்ஸ்டிரைக்கின் அந்த வகை ஃபைலுக்கு அன்று அது இல்லை.

பெட்டி வராத கணினிகள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவுசெய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பதிவுசெய்யாத கணினிகளில் மாதாந்தர அப்டேட் நின்றுவிட்டது, அதோடு அந்த ரீஸ்டார்ட் பெட்டியும். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர்வரை வந்துகொண்டிருக்கும். அதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை. கெர்னலில் புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அந்தப் பட்டியலால் அதை அடைக்க முடியாது.

வீட்டிலோ கடையிலோ உள்ள விண்டோஸ் 10 கணினி சில மாதமாக ரீஸ்டார்ட் கேட்டுத் தொல்லை செய்யவில்லை என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பார்க்கலாம். நீட்டிப்புக்குப் பதிவுசெய்யும் இணைப்பும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.